புத்தகம் கத்திய வருடம்

ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டிய அன்று வழிபாட்டுப் புத்தகம் கன்றுக்குட்டி போலக் கத்தியது. அதன் ஏடுகள் எல்லாமே பால்குடி மறக்காத கன்றுகளின் தோல். ஈரம் பட்டால் தோல் பழைய உடம்பைத் தேடி நெளியும், நெளிந்தால் மேலே ஒட்டிய பொன்தகடும் நீலச்சாயமும் செதில் செதிலாக உதிரும். அருங்காட்சியகத்தில் பழைய ஏடுகளைச் செப்பனிடும் பசைக்காரிக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். கத்தும் என்பதுதான் புதிது. காவலாளி தலையை நீட்டி, "மேடம், மாடு ஏதும் உள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

பசைக்காரிக்கு அப்போது கைக்குழந்தை. உதிரும் பொன்னை மீன்பசை தொட்டு ஒட்டவைக்க அவளை விட்டால் ஆளில்லை என்று அருங்காட்சியக இயக்குநர் ஐஸ் வைத்து, பிரசவம் ஆன கையோடு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். "கண்காட்சி திறக்கட்டும், அப்புறம் ஒரு வருஷம் லீவு எடுத்துக்கங்க. குழந்தையை ஆசை தீரக் கொஞ்சுங்க." வேலையா, பிள்ளையா என்று கேட்ட புருஷன் பதிலுக்குக்கூடக் காத்திராமல் குழந்தையைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அது தன்னை மறப்பதற்குள் வேலையை முடித்துக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் பசைக்காரியின் நினைப்பு.

புத்தகம் கத்தும்போதெல்லாம் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஏட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் அடங்கும், எடுத்தால் மறுபடியும் "ம்மா". சனியனே, உன்னாலதானே எல்லாம் என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே கையை வைப்பாள். இயக்குநருக்கு அவர் கவலை. "பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல இது கத்தினா நம்ம மானம் போயிடும். எப்படியாவது அடக்குங்க."

அடக்க ஒரே வழிதான் உண்டு. ஏட்டை ஈரத்தில் தளர்த்தி, நாலு மூலையிலும் சின்னச் சதுரக் கவ்விகளை மாட்டி, சீராக இழுத்துக் காயவிட வேண்டும். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செய்தாள். இழுக்கும்போது ஏடு தொண்டை கிழியக் கத்தும். காயக் காயக் குரல் தேயும், காய்ந்தபின் மூச்சு விடாது. கவ்வி கடித்த தடம் மட்டும் ஓரத்தில் லேசாக நிற்கும். கண்காட்சி திறந்தது, எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள், பாராட்டு முழுக்க இயக்குநருக்குப் போயிற்று. எக்கேடோ கெடட்டும் என்று அவள் லீவை வாங்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

குழந்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, சிணுங்கவும் இல்லை. தூக்கினாள், முத்தம் கொடுத்தாள், செல்லப் பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். ம்ஹூம்.

"முதல்ல உங்களைக் கேட்டு அழுது ஊரையே கூட்டிச்சு அண்ணி," என்றாள் நாத்தனார், பெருமையாக. "கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்ப சத்தமே கிடையாது. தங்கமான புள்ள."

குழந்தையின் இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் சின்னச் சின்னச் சதுரமாகத் தடம் இருந்தது. சட்டை எலாஸ்டிக் அழுத்தியிருக்கும் என்றாள் நாத்தனார். பசைக்காரி ஒரு தடத்தை விரலால் அளந்து பார்த்தாள். தன் கைவேலை அவளுக்குத் தெரியாதா என்ன.