அடிக்காத பள்ளிக்கூடம்

திருமங்கலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. ‘இங்கே குழந்தைகள் அடிக்கப்படுவதில்லை’ என்று நீலத்தில் எழுதி, பக்கத்தில் சிரிக்கும் சூரியனை வரைந்திருப்பார்கள். பொய்யில்லை. அங்கே எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளை மேலும் ஒரு விரலை வைத்தது கிடையாது. அடிப்பதற்கு அப்பன்மாரை வரவழைத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் அதற்கொரு முறையே வைத்திருந்தார் பிருந்தா மிஸ். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிற பிள்ளையைத் திட்ட மாட்டார், முட்டி போட வைக்க மாட்டார். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் போடுவார். திங்கட்கிழமை காலை முதல் பீரியடுக்கு அப்பா வகுப்புக்குள்ளேயே வந்து நிற்க வேண்டும். “நாங்க கை வைக்கக் கூடாது சார், நீங்களே பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வகுப்பே காத்திருக்கும். எவ்வளவு மந்தமான அப்பனுக்கும் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிடும். விளங்காதவர்களுக்கு டி.சி. என்ற இரண்டெழுத்தை நினைவுபடுத்துவார். அம்மாக்கள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா அடி பிள்ளைகளுக்குப் பழகின அடி, அதில் பயம் வராது என்பது அவருடைய ஆராய்ச்சி.

காசிமாயனுக்கு அந்தக் குரல் வந்தபோது பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து, பரவையிலிருந்து திருமங்கலம், பேரையூர் கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுவது அவன் பிழைப்பு. கையெல்லாம் ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். “சோணையம்மாள் ஃபாதர், மண்டே காலைல கிளாஸுக்கு வரணும்” என்று மார்க்கெட்டுக்கே கேட்டது.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நல்லகாமன் சிரித்தான். அவன் மகனும் அதே வகுப்புதான்.

“மாப்ள, உனக்கும் சம்மன் வந்துருச்சா? போன மாசம் எனக்கு வந்துச்சு. போனேன், நாலு சாத்து சாத்துனேன். பய அழுதான், மிஸ்ஸு சிரிச்சுச்சு, நான் லோடு ஏத்த வந்துட்டேன். அம்புட்டுத்தான்யா!”

காசிமாயனுக்கு அது அம்புட்டுத்தான் இல்லை. மகளுக்கு அவன் செத்துப்போன தாயின் பெயரை வைத்திருந்தான். தாய் பெயர் வைத்த பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டுவது கூட அவர்கள் வகையறாவில் ஆகாது. பிறந்த நாள் முதல் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவான். அவன் பொண்டாட்டி செல்லத்தாய்க்கோ அது மாமியார் பெயர், அவளுக்கும் வாயில் வராது, ‘பாப்பா’ என்பாள். அந்தப் பெயரை முழுசாக உரக்கச் சொல்வது உலகத்திலேயே பிருந்தா மிஸ் ஒருத்தர்தான். ஹரிஷங்கர், பிருத்விக், தன்யஸ்ரீ என்று வரிசையாக வருகைப்பதிவு எடுத்துக்கொண்டே வந்து, சோணையம்மாள் என்ற இடத்தில் சற்று நிறுத்துவார். பிள்ளைகள் சிரித்து முடிந்ததும் அடுத்த பெயருக்குப் போவார்.

வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்றால், அந்தக் குற்றம் காசிமாயனுடையது. வீட்டுப்பாடமெல்லாம் சாயங்காலத்துக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். வாட்ஸ்அப் இருக்கிற ஒரே போன் அவன் சட்டைப் பையில், பேரையூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். செல்லத்தாயிடம் இருப்பது பட்டன் போன். அவன் வந்து சேரும்போது பிள்ளை தூங்கிவிடுவாள். காலையில் இட்லியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் பாதி எழுதுவதற்குள் லோடுக்கு நேரமாகிவிடும், போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். இதை அவள் மிஸ்ஸிடம் சொல்லாமல் இல்லை. ஒருமுறை சொன்னாள். “அப்ப ஹோம்ஒர்க் செய்யாதது உங்கப்பாவா?” என்று மிஸ் கேட்டார், வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்பாவை வைத்துச் சிரிக்கிறார்களே என்று அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

அவனே மிஸ்ஸுக்குப் போன் போட்டுப் பார்த்தான்.

“மிஸ்ஸு, தப்பு எம்மேலதாங்க. போனை வீட்டுல வச்சுட்டுப் போக முடியல. கடைக்காரவுகெல்லாம் அதுலதான் ஆர்டர் சொல்லுவாக. பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக.”

“எல்லா அப்பாவுக்கும் வேலை இருக்கு சார். அட்மிஷன் அன்னைக்கு நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?”

நன்றாக ஞாபகம் இருந்தது. “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க மிஸ்ஸு” என்று கும்பிட்டபடி சொல்லியிருந்தான். இந்தப் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற எந்த அப்பன்தான் அதைச் சொல்லவில்லை? கல்யாண வீட்டில் எல்லாரையும் பார்த்து ‘சாப்பிட்டுத்தான் போகணும்’ என்பது மாதிரி அது ஒரு மரியாதைப் பேச்சு. அதைக் கேட்டு எவரும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவதில்லை. பிருந்தா மிஸ் அதை ஒப்பந்தமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

“எங்களால உரிக்க முடியாது சார், சட்டம் விடாது. நீங்க சொன்னதை நீங்களே செஞ்சிருங்க. இல்லேன்னா டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு இறங்கவில்லை அவனுக்கு. செல்லத்தாய்க்கு எரிச்சலாக வந்தது.

“ரெண்டு சாத்து சாத்திட்டு வாங்களேன். நான் அடிக்காத அடியா? தேஞ்சா போயிட்டா?”

“நீ அடிப்ப. எனக்குக் கை வராது.”

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஊர்த் திருவிழாவில் நாடகம் பார்த்திருக்கிறான். அரசன் மந்திரியை அறையும்போது மந்திரி கன்னத்தில் ஒன்றும் விழாது, சத்தம் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். மகளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினான். இடது கையை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, வலது கையால் அந்த உள்ளங்கையில் ஓங்கி அறைந்தான். பளார் என்றது. பின்னால் நின்று பார்த்த செல்லத்தாயே ஒரு கணம் பதறிவிட்டாள்.

“பிள்ளைக பக்கம் நீ முதுகக் காட்டி நிக்கணும் ஆத்தா. அப்பத்தான் என் கை தெரியாது. நான் ‘கண்ண மூடிக்க’ம்பேன். மூடிக்க. சத்தம் கேட்டதும் அழுதுரு.”

“என்ன சொல்லி அழ?”

“உனக்குத் தோணுறதச் சொல்லு.”

அவளுக்குத் தோன்றியது கொஞ்சநஞ்சமல்ல. முதல் அறைக்கு “ஆ” என்றாள். அது போதாது என்று அவளே சொல்லிவிட்டு, அடுத்த அறைக்கு “அய்யோ அப்பா, இனிமே செய்யாம வர மாட்டேம்ப்பா” என்று இழுத்து அழுதாள். அதற்கடுத்த தடவை அழுதுகொண்டே தரையில் விழுந்து காட்டினாள். விழுந்த இடத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்து, “நல்லா இருந்துச்சாப்பா?” என்று கேட்டாள். கரண்டியும் கையுமாக நின்ற செல்லத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. காசிமாயனுக்குப் பசி எடுத்துவிட்டது, இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

படுக்கப் போகும்போது பிள்ளைக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

“மேல படாதுல்லப்பா?”

“எங்காத்தா மேல சத்தியமாப் படாது.”

திங்கட்கிழமை காலை கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். அவன் நுழைந்ததும் வகுப்பு எழுந்து “குட் மார்னிங் சார்” என்றது. அவனிடம் யாரும் வாழ்க்கையில் அப்படிச் சொன்னதில்லை. வெட்கத்தோடு கும்பிட்டான். மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, சொல்லிக் கொடுத்தபடி பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. கண்ணாலேயே அவளை அடக்கினான்.

“சோணையம்மாள், இப்படித் திரும்பு” என்றார் பிருந்தா மிஸ். “எல்லாரும் உன் முகத்தைப் பாக்கணும். அப்பத்தானே அவங்களுக்கும் புத்தி வரும்.”

தோளைத் தொட்டுக்கூடத் திருப்பவில்லை. தொடக் கூடாதல்லவா? விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அவள் திரும்பினாள். காசிமாயன் போட்ட கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. மிஸ் கையைக் கட்டிக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் அவன் பழகினதையே செய்தான். இடது கையை மகளின் கன்னத்தருகே கொண்டுபோனான். பழக்கதோஷம், வாயில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

“ஆத்தா, கண்ண மூடிக்க.”

“ஆத்தாவாம்டா!” என்று பின் பெஞ்சில் எவனோ சொன்னான். கிசுகிசுப்பு ஓடியது. அவன் ஓங்கி அறைந்தான், பளார் என்று சத்தம் கேட்டது, அவள் “அய்யோ அப்பா” என்று அலறியபடி நேற்றைக்கு விழுந்த மாதிரியே அழகாக விழுந்தாள்.

முன் பெஞ்சு ஹரிஷங்கர் எழுந்தான். நன்றாகப் படிக்கிற பையன், கண்ணும் கூர்மை.

“மிஸ், படவே இல்ல மிஸ்! அவரு அவரோட கையிலதான் அடிச்சாரு!”

வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவன் கன்னத்தில் அதே மாதிரி செய்து காட்ட, அவன் “ஆத்தா” என்று விழுந்தான். நல்லகாமன் மகனும் சிரித்தான். அவனுக்கு விழுந்ததெல்லாம் நிஜமாக விழுந்தது, அவன் சிரிக்காமல் யார் சிரிப்பது? பிருந்தா மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சார், ஆண்டு விழா இன்னும் வரல. டிராமாவை அப்ப வச்சுக்கலாம்.”

காசிமாயனுக்குத் தேய்த்த சட்டைக்குள் வியர்த்து ஊற்றியது. அந்தச் சிரிப்பிலிருந்து தப்பித்து ஒதுங்க ஒரு முகத்தைத் தேடினான். மகளைப் பார்த்தான். அவள் தரையிலிருந்து எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, நாடகம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, பன்னிரண்டு வயசுப் பிள்ளைதானே, அவளும் சிரித்துவிட்டாள்.

அவன் அறைந்தான்.

இந்தத் தடவை இடது கை வரவில்லை. கண்ணை மூடிக்கச் சொல்லவும் இல்லை. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை முழுசாக அவள் கன்னத்தில் விழுந்தது. சிரிப்பு, விளக்கை அணைத்த மாதிரி நின்றுபோனது. அவள் திறந்த கண்ணோடு அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கை தவறிப் பட்டுவிட்டது, அப்பா இப்போது பதறப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் மறுபடி அடித்தான். சிரித்த வகுப்பை அடிக்க முடியாது, பொத்திய வாயோடு நிற்கிற மிஸ்ஸை அடிக்க முடியாது, சட்டைப் பையில் கிடக்கிற போனை அடிக்க முடியாது. கைக்கு எட்டினது ஆத்தா ஒருத்திதான். முதுகில் அடித்தான், தலையில் அடித்தான். அடிக்க அடிக்க வகுப்பு அமைதியாக இருந்தது, அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை. பிள்ளைக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அய்யோ அப்பா, இனிமே செய்யாம வர மாட்டேம்ப்பா.”

இழுக்க வேண்டிய இடத்தில் சரியாக இழுத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“போதும் சார்” என்றார் பிருந்தா மிஸ். அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அவசரப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துச் சோணையம்மாளிடம் நீட்டினார். உதடு கிழிந்திருந்தது. “பார்த்தீங்களா பிள்ளைங்களா, அக்கறை இருக்கிற பேரண்ட்னா இப்படி இருக்கணும். சார் தன் வேலையை விட்டுட்டு நம்ம கிளாஸுக்காக வந்திருக்காங்க. என்ன சொல்லணும்?”

பெஞ்சுகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“தேங்க்… யூ… சார்.”

காசிமாயனுக்கு அப்போதுதான் தன் கை கண்ணில் பட்டது. விரலில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று மகளைப் பார்த்தான். ஆத்தா என்று கூப்பிட வாய் எழவில்லை, பெயரைச் சொல்லவும் வராது. அவளைக் கூப்பிட அவனிடம் வேறு வார்த்தையே கிடையாது. நாற்பது பிள்ளைகள் எதிரே நிற்கிறார்கள், மரியாதைக்கு விடைபெற வேண்டுமே என்று கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் மூடிக்கச் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் எல்லாரும் சொல்லும்போது ஒருத்தர் சொல்லாமல் இருந்தால் அது ஒழுங்கீனம், அதற்கும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமலே, கிழிந்த உதட்டில் டிஷ்யூவை வைத்துக்கொண்டு, எல்லாரும் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு தனியாகச் சொன்னாள்.

“தேங்க் யூ சார்.”