அர்மிந்து போவதாக ஒரு கதை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஃபிலுமேனா கேட்டாள். அமெரிக்காவில் இருப்பவள், பல வருஷம் கழித்து எங்கள் ஃபோகோ எரிமலைத் தீவுக்கு வந்தாள், தம்பி அர்மிந்துவைக் கூட்டிக்கொண்டு போக. அவன் பிடி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான் கதை எழுதுகிறவள் என்று எவனோ சொல்லித் தொலைத்திருக்கிறான்.

"அவன் கெளம்பிப் போற மாதிரி எழுதேன்டி. படிச்சுக் காட்டலாம். எம் பேச்சுத்தான் ஏறல, கதையாவது ஏறட்டும்."

2

முதல் தொடக்கம்: 'கடலிலிருந்து பார்த்தால் அந்தத் தீவு ஒரு' — வேண்டாம். தீவை வெளியே நின்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

இரண்டாவது: 'எரிகுழம்பு ஊரை மூடியபோது அர்மிந்து அழவில்லை.' பொய். தேம்பித் தேம்பி அழுதான். நானும்தான்.

மூன்றாவது: குழம்பு ஆறும்வரை பொறுக்காமல், புதைந்த வீட்டுக்கு நேர் மேலேயே அர்மிந்து புது வீடு கட்டினான். (எரிமலையின் கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் குடியிருக்கும் எங்களில் பாதிப் பேர் செய்த முட்டாள்தனம் இது. நானும் அந்தப் பாதிதான்.) ஃபிலுமேனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், போன வேகத்தில் துள்ளி வெளியே வந்தாள்.

"ஏன்டா, அடுப்பு மேலயா வீடு கட்டியிருக்க?"

"ரொட்டி மாவு தன்னால பொங்குதுக்கா. உங்க ஊர்ல தரையச் சூடாக்கக் காசு குடுக்குறாங்களாமே?"

"மறுபடி வெடிச்சா?"

"வெடிக்கும்தான். மலைக்கு வேற என்ன வேலை?"

[இது கற்பனை இல்லை. கற்பனை என்றால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் அறிவு வைத்திருப்பேன்.]

3

கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். போகமாட்டேன் என்கிறவன் ஏன் அக்கா பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி திரிகிறான்? நேற்று வந்து என் ஒயினைக் குடித்துவிட்டு, "அக்கா இங்கயே தங்கிடுற மாதிரி எழுதிடேன்" என்றான்.

"அங்க அவளுக்கு யாருமே இல்லையாம்டா. அழுவுறா" என்றேன்.

பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

முடிவு அ: அவன் போகவில்லை. அவள் அழுதுகொண்டே வேன் ஏறுகிறாள்.

முடிவு ஆ: அவள் தங்குகிறாள். ஒரே வாரத்தில் இருவரும் பேச்சு வார்த்தை இல்லை.

முடிவு இ: அவன்

4

ஃபிலுமேனா ஊர் திரும்ப வேன் வரும் நாள் இன்று. சற்றுமுன் தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அர்மிந்து வாசற்கதவைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

மலை புகைந்தால் நாங்கள் முதலில் கழற்றுவது கதவைத்தான். வீடு போகட்டும் என்று மனசு முடிவு கட்டிய பிறகுதான் அதில் கை வைப்போம். கதவு மிஞ்சினால் வேறெங்காவது இன்னொரு வீடு. இன்று மலையில் ஒரு பொட்டுப் புகை இல்லை.

"கீலு கிறீச்சுங்குதா? எண்ண விட்டாப் போதுமே" என்கிறாள் ஃபிலுமேனா. எங்கள் வழக்கத்தை மறந்தேபோய்விட்டாள், பாவி.

அவன் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்துவிட்டான்.

"ஒம் பின்வாசலுக்கு ஆவும், வச்சுக்க. கதைய முடிச்சிட்டியா? நான் என்ன ஆவுறேன்?"

5

வாசகரே, முடிவு இ ஏன் பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவன் போய்விட்டால் இந்தப் பக்கம் விளக்கெரியும் வீடு என்னுடையது ஒன்றுதான். எனக்கு அவன் போகக்கூடாது. ஆனால் அவள் அழுததையும் நான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் 'போகாதடா' என்றுதான் வரும். அதைக் கதை என்று சொல்லி அவனை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். அர்மிந்து இன்னும் நிற்கிறான், கனமான கதவு. சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள். பிடித்துக்கொண்டு, என் பின்வாசலுக்கா, திரும்ப அவன் வாசலுக்கா, எங்கே தூக்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.