முகம் கொடுத்தல்

டாக்டர் சொன்னபடி ஜெர்லின் எழுந்து அறையைவிட்டு வெளியே வந்தாள். கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். பாளையங்கோட்டையில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவளும் எட்வினும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்பே மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறியிருந்தார்கள். ஒன்றரை வயதாகியும் ஸ்வீட்லின் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் கோளாறு எதுவும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் பாயில் உட்கார்ந்து ஒரு டப்பாவுக்குள் மரக்கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து போனதற்குத் தலையைத் தூக்கவில்லை. ஜெர்லின் திரும்ப வந்து உட்கார்ந்தபோதும் தூக்கவில்லை.

“இவ எப்பவும் இப்படித்தான் மேடம். யாரையும் தொந்தரவு பண்ண மாட்டா” என்றாள் ஜெர்லின். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் சீதாலக்ஷ்மி அடுத்து எட்வினை வெளியே போகச் சொன்னார். அவன் கதவைத் தாண்டுவதற்குள் பிள்ளையின் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. தடுமாறி ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்து வீறிட்டாள். எட்வின் வந்து தூக்கியதும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்று அவன் முதுகைத் தேய்த்துவிட, விம்மல் மெல்ல அடங்கியது. தானாகவே இறங்கி மறுபடியும் கட்டைகளிடம் போனாள். இந்தப் பிள்ளைக்கு அழத் தெரியும். தனக்காக அழுவதில்லை, அவ்வளவுதான்.

குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பிள்ளையிடம் என்ன பேசுவீர்கள் என்று டாக்டர் விசாரித்தார். நேரம் தவறாமல் எல்லாம் செய்வதாகவும், ஒரு ஊசியைக்கூடத் தவறவிட்டதில்லை என்றும் ஜெர்லின் சொன்னாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“நீங்க ஒரு குறையும் வைக்கலம்மா, பாத்தாலே தெரியுது. ஆனா பேச்சு காது வழியா மட்டும் வராது. நம்ம மொகத்தப் பாத்துப் பாத்துத்தான் பிள்ளைங்க பேசப் படிக்கும். இவ உங்க மொகத்தப் பாக்கவே மாட்டேங்கா.”

எட்வின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்வீட்லினுக்கு முன்னால் ரெக்சன் என்றொரு மகன் பிறந்திருந்தான். அவனிடம் ஜெர்லின் ஓயாமல் பேசினாள். மடியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை சொன்னாள், மீன் விலை சொன்னாள், அவன் உதட்டைக் குவித்தால் தானும் குவித்தாள். இதயத்தில் ஓட்டை இருப்பது தெரியவந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே அவன் போய்விட்டான். கடைசிவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

அடுத்தவள் பிறந்ததும் ஜெர்லின் எதையும் தீர்மானித்துச் செய்யவில்லை. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்தாள். பிள்ளை கையை நீட்டினால் அந்தக் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தாள். அழுதால் துணி நனைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இதுவும் போய்விட்டால் தாங்க மாட்டோம் என்கிற பயம், நாளடைவில் பயம் என்றே தெரியாமல் வெறும் பழக்கமாகிவிட்டது. பிள்ளையும் விவரமானது. இவளிடம் கை நீட்டிப் பயனில்லை என்று சீக்கிரமே கற்றுக்கொண்டது. கடலிலிருந்து எட்வின் திரும்பும்வரை தன்பாட்டுக்கு விளையாடும், தன்பாட்டுக்குத் தூங்கும். தெருவில் உள்ளவர்கள், கொடுத்து வைத்தவள், இப்படி ஒரு பிள்ளை யாருக்கு அமையும் என்றார்கள். அதை அவளும் நம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை எட்வினின் தோளில் தூங்கியது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டங்கள் வந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

“நீ அவ மொகத்தப் பாக்க மாட்டேங்கது எனக்குத் தெரியும்ளா. மூத்தவன் நெனப்புல இருக்கா, பைய சரியாயிருவான்னு விட்டுட்டேன். நான் கேட்டிருக்கணும்.”

ஜெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லையே என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாளிலிருந்து அவள் பேசத் தொடங்கினாள். சோறு பிசையும்போது பருப்பைப் பற்றிப் பேசினாள். குளிப்பாட்டும்போது காது, மூக்கு, கன்னம் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பழக்கமில்லாத வாய்க்கு அது வேற்று மொழி போலிருந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பார்வை அவள் தோளைத் தாண்டி வாசலில் நிற்கும். குனிந்து அதன் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனால், வெயிலுக்குத் திரும்புவதுபோலப் பைய மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். சில நாட்கள் ஜெர்லினுக்குக் கோபம் வந்தது. கோபப்பட என்ன இருக்கிறது என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். எட்வின் வந்து தூக்கியதும் வீடு முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்புக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் பாத்திரம் கழுவுவாள்.

பனிமயமாதா திருவிழா முடிந்த வாரம் வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போயிருந்த காலையில், ஜெர்லின் வீட்டுக்கு வெளியே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியில் இறங்கிய ஸ்வீட்லின் கால் இடறி விழுந்தாள். சிமென்ட் முனையில் முழங்கால் உரசி ரத்தம் கசிந்தது. அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, முதலில் கடற்கரைக்குப் போகும் தெருவைப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை. பிறகு தன் உள்ளங்கையை முழங்காலில் வைத்துத் தேய்த்தாள். உதடு அசைந்தது.

“ஒன்னில்ல… ஒன்னில்ல…”

குரல் எட்வினுடையது மாதிரியே இழுத்து இழுத்து வந்தது. பிள்ளையின் முதல் பேச்சு. அதைத் தன் முழங்காலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெர்லின் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் நிழல் மேலே விழுந்ததும் பிள்ளை தேய்ப்பதை நிறுத்தியது. முகம் அமைதியாகிவிட்டது, டாக்டரின் அறையில் இருந்ததுபோல. தூக்கப்போன கையை ஜெர்லின் பாதியில் நிறுத்தினாள். இரண்டடி தள்ளி மணலில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே, சுடுகிற மணலில், தன் கையை மல்லாத்தி வைத்தாள்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. கையிலிருந்து மேலேறி வளையல்வரை வந்தது பார்வை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.