நாற்பத்தோராவது பலகை

எங்கள் ஊர்க் கடல்பாலம் கடல் ஏறும் ஏற்றத்தில் நீளும், இறங்கும் வற்றத்தில் சுருங்கும். சாதாரண ஏற்றத்துக்கு முப்பது பலகை வெளியே வரும். கரையிலிருந்து கச்சான் காற்று வீசினால் மீன்கள் விலகிப்போகும், பாலமும் இரண்டு பலகை குறைத்தே நீளும். கடலிலிருந்து கொண்டல் வீசினால் மீன்கள் தூணோடு ஒட்டி வரும், பாலம் நாற்பது வரைக்கும் போகும். பௌர்ணமி ஏற்றமும் கொண்டலும் சேர்ந்து அமைந்தால் மட்டும் நாற்பத்தோராவது பலகை. அது எப்போதாவதுதான் அமையும்.

ஆறு வருடத்துக்கு முன் என் அண்ணன் அந்தப் பலகையில் உட்கார்ந்து தூண்டில் போட்டார். அப்போது அவருக்கு ஒரு பெயர் இருந்தது. காற்று திடீரென்று கச்சானுக்கு மாறியதும் மற்றவர்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார்கள். அண்ணனின் தூண்டிலில் அப்போதுதான் ஒரு கொடுவா மீன் இழுத்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பலகை அவரோடு உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று தடவை பலகை வெளியே வந்தது. மூன்று தடவையும் அண்ணன் அதே ஈரச் சட்டையோடு அதில் உட்கார்ந்திருந்தார். அண்ணி பிரகாசியும் நானும் பக்கத்துப் பலகையில் நின்று வரச்சொல்வோம். “ஒரு நிமிஷம், இழுக்குது” என்பார், திரும்பாமலே. அவருக்கு அது இன்னும் அதே நிமிஷம்தான். இருபது நிமிடத்தில் ஏற்றம் தணிந்துவிடும். அவருக்காக அண்ணி கட்டிவந்த சோற்றை நான் சாப்பிடுவேன். எனக்கு அழுகையாக வரும். சோறு நன்றாக இருப்பதால் நிறுத்தவும் முடியாது.

மீன் இழுக்கும்போது ஆளைத் தொட்டு இழுக்கக் கூடாது, பாதி ஆள்தான் வரும். எங்கள் தெருத் தொம்மையின் மகனுக்கு அப்படி ஆயிற்று. அவனுடைய வலது பாதி இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழு ஆளும் திரும்புவார். ஆனால் பெயர் நரம்பு வழியாக மீனுக்குப் போய்விடும். அப்படிக் கொடுக்கும் உரிமை மனைவிக்கு மட்டும் உண்டு. அண்ணியோ கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அண்ணன் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவார்.

இந்தப் பௌர்ணமிக் காலையில் பலகை நான்காம் தடவையாக வந்தது. அதன் நடுவே கை நுழையும் அளவுக்கு விரிசல். இனி ஒருமுறை உள்ளே போனால் திரும்பாது என்று பார்த்தாலே தெரிந்தது.

“காத்து எப்படி இருக்கு தம்பி?” என்று அண்ணி கேட்டார்.

துண்டை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். “கொண்டல்தான் அண்ணி. ஆனா கச்சானுக்குத் திரும்பப் பாக்குது.”

“ஏங்க, வாங்க” என்றார் அண்ணி.

“ஒரு நிமிஷம், இழுக்குது.”

அண்ணி நரைத்த முன்தலையைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ காதப் பொத்திக்க தம்பி.”

பொத்திக்கொண்டேன். அண்ணியின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். நான்கு அசைவு இருக்கும். அண்ணன் திரும்பினார். நரம்பு தொய்ந்தது. அவர் எழுந்து எங்கள் பலகைக்குக் காலெடுத்து வைத்ததும், பின்னால் அந்தப் பலகை முறிந்து உள்ளே போயிற்று.

“தலை ஏன் இப்படி ஆயிட்டு?” என்று அண்ணியிடம் கேட்டார்.

“சாப்பிடுங்க, சொல்றேன்.”

அன்று அவரே சாப்பிட்டார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இப்போது அவரைக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தட்டுகிறார்கள். பங்குக் கோயில் பதிவேட்டில் அவருடைய வரி காலியாக இருக்கிறது. எனக்கு அவர் அண்ணன், அண்ணிக்கு ‘ஏங்க’. வீட்டில் எதுவும் குறையவில்லை. பழைய பெயருக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் பாலத்தின் நுனியில் போட்டுவிட்டு வருகிறார்.

சந்தையில் அண்ணி இப்போது ஒவ்வொரு மீனிடமும் குனிந்து பெயர் கேட்கிறார். பதில் சொல்லாததை மட்டும் வாங்குகிறார். போன வெள்ளிக்கிழமை ஒரு கொடுவா பதில் சொன்னது. அண்ணி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதை இரண்டு கையாலும் தூக்கிப்போய்க் கடலில் விட்டுவந்தார். அன்று எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.