அப்பா என்னைப் பற்றி நினைப்பது

பத்ரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். எட்டே முக்காலுக்குள் கரோல் பாக்கில் மெட்ரோ ஏறாவிட்டால், அப்புறம் ராஜீவ் சௌக் வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முகவாயை வைத்துக்கொண்டு ஜ்யோத்ஸ்னா உட்கார்ந்திருந்தாள். கையில் நோட்டும் பேனாவும்.

"அப்பா, என்னைப் பத்தி அஞ்சு லைன். நல்லது மூணு, கெட்டது ரெண்டு. ஜல்தி."

"போன வாரம்தானேடி சொன்னேன்?"

"அது சொன்னதா? 'பொறுப்பானவர். பணியில் ஈடுபாடு உண்டு. மேலும் முன்னேற வாய்ப்புள்ளது.' அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தேன். கோச்சிங்ல வாலியா மேடம் சிவப்பு இங்க்ல என்ன எழுதினா தெரியுமா? 'இது உன் அப்பாவா, உன் ஆபீசரா?'"

சமையலறையிலிருந்து மனைவி ராஜலக்ஷ்மியின் சிரிப்பு கேட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட வேண்டியதுதானே!"

பத்ரி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். தமக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றி வருஷா வருஷம் மதிப்பீடு எழுதுவது அவர் பொறுப்பு. சி.ஆர். என்று அதற்குப் பெயர். ஜூன் மாதக் கடைசிக்குள் ஆறு பேருடையதை முடித்தாக வேண்டும். பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட வேண்டும். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எட்டுக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை.

"எனக்கு எத்தனை போடுவேள்? ஏழரைன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ."

"நேரமாச்சு ஜ்யோ. சாயங்காலம் வந்து சொல்றேன்."

"எனக்குப் பதினோரு மணிக்கு டெஸ்ட், அப்பா. இன்னிக்கு மறுபடியும் அதேதான். என்னைப் பத்தி மத்தவா என்ன நினைக்கறான்னு."

"இதென்ன நிஜப் பரீட்சையா? சாயங்காலம் நிதானமா உட்கார்ந்து சொல்றேன்."

"அச்சா, பத்ரி சார். ஃபைல் பெண்டிங்." நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அவர் செருப்பை மாட்டும்போது அவள் அம்மாவின் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மிதியில் இரண்டு பாதங்களையும் வைத்து முன்னும் பின்னும் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். கையில் பழைய ஜாய்ஸ்டிக். மடிக்கணினித் திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஓடியது. கையும் காலும் தனித்தனியே வேலை செய்ய, கண் அந்தப் புள்ளியை விடக்கூடாதாம். திரும்பிப் பார்க்காமலே, "டாட்டா" என்றாள்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, வகுப்பு முடிந்து அவள் ஏறிய பேட்டரி ரிக்ஷாவை பூசா ரோட்டுத் திருப்பத்தில் ஒரு டெம்போ இடித்தது. மற்ற மூன்று பேருக்குச் சிராய்ப்பு. பத்ரியின் மேஜையில் அப்போது நாலாவது சி.ஆர். திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. விமானப்படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வில் இரண்டாவது முயற்சியில் தேறியிருந்தாள். ஜூலை எட்டாம் தேதி டேராடூனில் ஐந்து நாள் தேர்வுக்கு அழைப்பும் வந்திருந்தது. அதற்குத்தான் பூசா ரோட்டில் மாடியறை ஒன்றில் நடந்த வகுப்புக்குப் போய்வந்தாள். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு வார்த்தையைக் கொடுத்துப் பதினைந்து வினாடியில் மனதில் வருவதை எழுதச் சொல்வார்கள். கடைசியாக ஐந்து பத்தி: அப்பா அம்மா என்னைப் பற்றி நினைப்பது, ஆசிரியர்கள் நினைப்பது, நண்பர்கள் நினைப்பது, நானே நினைப்பது, நான் எப்படி ஆக விரும்புகிறேன் என்பது. ஐந்துக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிஷம்.

பதின்மூன்று நாள் காரியமும் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள். ராஜலக்ஷ்மி தையல் மெஷினுக்கு பெல்ட்டை மாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ரவிக்கைத் துணியோடு வந்தபோது, "கை வலிக்கறது" என்று திருப்பி அனுப்பினாள். பத்ரி மறுபடி ஆபீஸ் போனார். மிச்சமிருந்த மூன்று சி.ஆர்.களையும் எழுதினார். மூவருக்கும் எட்டு போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்நேகா வந்தாள். ஜ்யோத்ஸ்னாவோடு வகுப்பில் படித்தவள். மயூர் விஹாரில் வீடு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் கொஞ்சம் தடுமாறும். ராஜலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது பத்ரியிடம் சொன்னாள்:

"அன்னைக்குக்கூட டெஸ்ட் நல்லாத்தான் எழுதினா, அங்கிள். என் பக்கத்து சீட்தான்."

"எழுதினாளா? எல்லாத்தையும்?"

"ஆமா. அஞ்சு பேராவும். ஃபர்ஸ்ட் பேரன்ட்ஸ் பத்தி."

அன்றிலிருந்து பத்ரிக்கு ரசம் சாதம் இறங்கவில்லை.

அவள் கேட்டாள், அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவளே எழுதியிருக்கிறாள். என்ன எழுதியிருப்பாள்? இதை அவர் ராஜலக்ஷ்மியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்திருக்கும். அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விமானி ஆவதற்கான, ஜாய்ஸ்டிக்கும் மிதியும் வைத்துச் செய்கிற அந்தக் கணினிச் சோதனையை ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தவறினால் தவறியதுதான், விமானி ஆசையை அத்தோடு விட்டுவிட வேண்டும். ஜ்யோத்ஸ்னா இந்த விதியை வீட்டில் முதல்முதலாகச் சொன்னபோது ராஜலக்ஷ்மி, "ஐயோ, இதென்ன அநியாயம்" என்றாள். பத்ரியின் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு தடவையில் இவள் தவறிவிட்டால் போதும், ஏதாவது வங்கி வேலைக்கு எழுதுவாள், சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்புவாள், கதவைப் படாரென்று சாத்துவாள். அப்படித்தான் அவர் நினைத்தார். எட்டு மாதமாக, ஒவ்வொரு காலையும், மிதியில் பழகும் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நினைத்தார்.

முதல் தடவை எழுத்துத் தேர்வில் அவள் தேறாமல் வந்த அன்று, "போனாப் போறது, விடு" என்று அவர்தான் ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டார். ஜ்யோத்ஸ்னா அவர் தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்திருந்ததா? அதை எழுதிவைத்துவிட்டுத்தான் ரிக்ஷாவில் ஏறினாளா? அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த மாடிப்படி ஏறினார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லோரும் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டு, "குட் ஆஃப்டர்நூன், சர்" என்றார்கள்.

வாலியா மேடம் விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலை, பருத்திச் சட்டை. அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் ஹிந்தியில் பேசினார்கள். பத்ரியின் ஹிந்தியில் ஆபீஸ் வாசனை அதிகம்.

"அன்று அவள் எழுதிய தாள் இருக்கிறதா, மேடம்?"

"இருக்கிறது." அவர் திரும்பி இரும்பு அலமாரியைப் பார்த்தார். நடுத்தட்டில், பச்சை நாடா போட்ட கட்டு ஒன்று இருந்தது. ஆபீஸ் ஃபைல்களைக் கட்டுகிற, பத்ரிக்கு நன்றாகத் தெரிந்த பச்சை நாடா. "ஆனால் உங்களிடம் தர முடியாது."

"நான் அவள் அப்பா."

"அதனால்தான் முடியாது. முதல் நாளே எல்லாரிடமும் வாக்குக் கொடுத்துவிடுவேன். நீங்கள் எழுதுவதை உங்கள் அப்பா அம்மாவுக்குக் காட்டமாட்டேன் என்று. அந்த வாக்கு இல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். எல்லாரும் உத்தமமான பெற்றோரைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள்."

"அவள் இப்போது இல்லையே, மேடம்."

"மற்ற பதினோரு பேர் இருக்கிறார்கள்."

பத்ரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனை மனுக்களில், 'விதிகளில் இடமில்லை' என்று அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். இந்த அம்மாள் சொல்வது விதிப்படி சரிதான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"எங்கள் ஆபீஸிலும் சி.ஆர். முன்பெல்லாம் ரகசியம்தான். இப்போது அதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டது."

"சம்பந்தப்பட்டவர் யார், பத்ரி ஜி? நீங்களா, அவளா?"

ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ஒன்று பாலத்தில் போய் மறைந்தது.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். "நான் அவள் தேறக்கூடாது என்று நினைத்தேன். அது அவளுக்குத் தெரியுமா? ஆமாம், இல்லை, அது போதும்."

வாலியா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாடிக்கு வருகிற அப்பாக்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வாய் திறந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்."

"தெரியுமா, மேடம்?"

"நான் சொல்லமாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபப்பட்டிருக்கலாம். மேடம் இழுப்பறையைத் திறந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மேலே ஒரு பேனா.

"அவள் கேட்டது உங்களிடம் பாக்கி இருக்கிறதல்லவா? எழுதுங்கள். நான் படிக்கமாட்டேன். ஒரு பத்திக்கு மூன்று நிமிஷம்."

பழக்கதோஷம், மேஜைமேல் இருந்த டைமரையும் அழுத்திவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தப் போனார். "இருக்கட்டும்" என்றார் பத்ரி.

தமிழில் எழுதினார். 'ஜ்யோத்ஸ்னா மிகவும் பொறுப்பான' என்று தொடங்கி, அடித்தார். 'கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது.' அது நின்றது. 'தோற்றால் அழமாட்டாள், குளிக்கப் போய்விடுவாள், வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும்.' 'ஹிந்தியில் நான் ஆண்பால் பெண்பால் தப்பாகச் சொன்னால் காய்கறிக்காரன் எதிரிலேயே திருத்துவாள்.' கடைசியாக, 'அவள் பறந்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால்தான்' என்று எழுதினார். டைமர் அடித்தது. வாக்கியத்தை முடிக்காமல் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாலியா மேடம் வாசல்வரை வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து அனுப்பினார்.

கீழே ஜூஸ் கடை நிழலில் ஸ்நேகா நின்றுகொண்டிருந்தாள். படியேறும்போதே அவரைப் பார்த்திருக்கிறாள்.

"மேடம் குடுத்தாங்களா, அங்கிள்?"

"தரமுடியாதுன்னுட்டா. சரிதான். நானா இருந்தாலும் தந்திருக்கமாட்டேன்."

"மெட்ரோ வரைக்கும் கூட வர்றேன். வெயிலா இருக்கு."

தூண்களின் நிழலிலேயே நடந்தார்கள். அடுத்த வாரம் ஸ்நேகாவுக்கும் டேராடூன். போகிறாயா என்று அவர் கேட்டார். போறேன் அங்கிள் என்றாள், ஏதோ தப்புச் செய்தவள் போல. "நன்னா எழுதிட்டு வா" என்றார். உங்க அப்பா என்ன சொல்றார் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார்.

"அன்னிக்கு அவ எழுதறச்சே நீ பார்த்தியோ?"

"நாங்க யாரும் பார்க்கமாட்டோம், அங்கிள். டைமே இருக்காது."

"முகம் எப்படி இருந்தது? கோபமா இருந்தாளா?"

ஸ்நேகா நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றி, அதைத் தள்ளிவிட்டுப் பேசுகிறவள் போலிருந்தது. "தெரியலை. முடி முன்னாடி விழுந்திருந்தது." நாலு எட்டு நடந்தாள். "ஒண்ணு ஞாபகம் இருக்கு. எங்களுக்கெல்லாம் ஒரு ஷீட்தான் குடுப்பாங்க. அதுலயே அஞ்சு பேராவும் அடங்கிடும், பாதிப்பேருக்கு இடம் மிச்சம்கூட இருக்கும். அவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, நாங்கல்லாம் ஃபர்ஸ்ட் பேராலயே இருந்தோம், அதுக்குள்ள கையைத் தூக்கிட்டா. மேடம்கூட என்ன ஆச்சுன்னு கேட்டாங்க."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. இன்னொரு ஷீட் வேணும்னா."

பத்ரி நின்றார். பின்னால் வந்த ரிக்ஷாக்காரன் மணியடித்து, "பையா, ஹட்டோ" என்றான். ஸ்நேகா அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"குடுத்தாளா?"

"குடுத்தாங்க, அங்கிள். ரெண்டு பக்கமும் எழுதினா."