தடுப்புக்கு இந்தப் பக்கம்

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டிக்குத்தான் ராஜ மரியாதை. கண்ணாடி என்று சொன்னால் என் மகள் சுவேதாவுக்குக் கோபம் வரும். "அக்ரிலிக்மா" என்று திருத்துவாள். எதுவாக இருந்தால் எனக்கென்ன? அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும், அதை ஒட்டுகிற குளோரோஃபார்ம் வாடையில்தான் சோறு தின்ன வேண்டும்.

சுவேதா பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு, நிலத்தடியில் கடல்நீர் எப்படி நுழைகிறது என்று காட்டப் போகிறாளாம். தொட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் மணலும் நல்ல தண்ணீரும், அந்தப் பக்கம் கடல் தண்ணீர். தடுப்பின் அடியில் சின்னதாக ஒரு கதவு. அது மூடியிருக்கும்வரை இரண்டும் சேராது. கதவைத் திறந்துவிட்டு இந்தப் பக்கத்துத் தண்ணீரை ஊசிக் குழாயால் உறிஞ்சினால், அந்தப் பக்கத்து உப்பு அடியில் புகுந்து வரும். வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு குட்டி பல்பு. ஒயர் நுனியை உப்புத் தண்ணீரில் விட்டால் பல்பு பளிச்சென்று எரியும். நல்ல தண்ணீரில் எரிந்ததா இல்லையா என்றே தெரியாது.

வில்லியனூரில் போர்டு எழுதுகிற கடையில் தகடு அறுத்து வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர் குமரவேல். ஒட்டியதும் அவர்தான். வயலில் வரப்பு கட்டுகிற மனுஷர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை.

"நம்ம போர் தண்ணிய ஊத்துடி. இதவிட நல்ல தண்ணி எங்க கீது?" என்றார்.

அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் நிலம் பாகூருக்குக் கிழக்கே, கடல் காற்று படுகிற தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு நிலமும் அந்த ஒரு போரும்தான் எங்களுக்கு இருப்பது. சுற்றுவட்டத்தில் ஒவ்வொரு போராக உப்பாகிக் கைவிட்டபோதும் எங்கள் போர் நின்றது. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்கு எங்கள் போர் தண்ணீர்தான் போகும். இந்த ஆடியில் கூழ் கிண்டிய தங்கவேல் ஒரு வாய் பார்த்துவிட்டு, "எவன்டா எனக்கு முன்னாடியே உப்பு போட்டது?" என்று சத்தம் போட்டார். ஆளாளுக்கு நான் இல்லை நீதான் என்று கைகாட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள் சுவேதா. கதவு மூடித்தான் இருந்தது. இந்தப் பக்கம் ஒயரை விட்டதும் பல்பு எரிந்தது.

"லீக்காவுது" என்றார் அவர்.

தொட்டியைக் காலி செய்து, துடைத்து, தடுப்பைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். அப்போதும் எரிந்தது. விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசினார். எரிந்தது. கடைக்காரன் கோணலாக அறுத்துவிட்டான் என்று அவனைத் திட்டினார். பருப்பு வேகவில்லை என்று நான் முனகியதற்கு, "பழைய பருப்ப வாங்கிகினு வந்துட்டு பேசாத" என்று என்மேல் பாய்ந்தார். பருப்பு சில மாதமாகவே வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. சட்டிக்கு அடியில் வெள்ளையாகப் படிந்தது. எல்லாவற்றுக்கும் நானும் ஏதோ ஒரு சமாதானம் வைத்திருந்தேன். தினமும் அதையே குடிக்கிற நாக்குக்கு எது உறைக்கும்?

அன்று சாயங்காலம் அவர் மறுபடி சிலிக்கான் வாங்கப் போயிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன பல்பில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் இருந்த குடத்தில் ஒயரை விட்டேன். குடத்தில் தடுப்பு இல்லை, கடல் தண்ணீர் இல்லை. நாங்கள் குடிக்கிற போர் தண்ணீர் மட்டும்தான்.

பல்பு நன்றாக எரிந்தது.

தங்கவேல் கூழை வாயில் வைத்துவிட்டுக் கத்தியது ஞாபகம் வந்தது. திரும்பினால் சுவேதா நிற்கிறாள்.

"நான் மொத நாளே போட்டுப் பாத்துட்டேம்மா" என்றாள். "அப்பாகிட்ட சொல்லாத."

"தெரிஞ்சிகினா அந்த மனுஷன ஒட்ட வுட்ட?"

"ஒட்டும்போதாவது நம்பிகினு இருக்கட்டும்னுதான்..." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தோம். நுனி பழுக்கிறதென்று அவர் யூரியா போட்டிருந்தார்.

அவர் வந்தபோது கையில் சிலிக்கான் இல்லை. தோளில் ஒரு கேன் தண்ணீர் இருந்தது. தொட்டிப் பக்கத்தில் இறக்கினார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத ஊத்து. மணலையும் இதுலியே அலசிடு."

சுவேதா அலசி ஊற்றினாள். பல்பு எரியவில்லை. அவர் ஒட்டிய தடுப்பில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. "நல்லா ஒட்டிகிறேன் இல்ல?" என்று கேட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

கண்காட்சியில் சுவேதாவின் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பார்வையிட வந்த அதிகாரி, "நல்ல தண்ணி எங்கிருந்தும்மா எடுத்தே?" என்று கேட்டார். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"எங்க போர் தண்ணி சார்."

கதவைத் திறந்து ஊசிக் குழாயால் உறிஞ்சினாள். பல்பு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"கடல் உள்ளே வராம இருக்க என்ன செய்யணும்?"

"இறைக்கிறத நிறுத்தணும் சார்."

"வந்துட்டா?"

அவள் ஊசிக் குழாயை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு தெரிந்ததே பெரிது என்று அதிகாரி சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார். முதல் பரிசு அவளுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் வயலுக்குப் போனார். பின்னாலேயே போனேன். நாற்றங்கால் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. வரப்போரத்து மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை நாற்று தாங்காது. அவர் மோட்டார் கொட்டகைக்குள் போனார்.

"வேணாங்க" என்றேன்.

"வேற இன்னாடி தண்ணி கீது?"

அவர் சுவிட்சைப் போட்டார். சத்தம் கேட்டு சுவேதா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "ப்பா, இறைக்க இறைக்க..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

குழாயில் தண்ணீர் எப்போதும்போலத் தெளிவாக வந்து விழுந்தது. ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் தண்ணீர் இல்லை. நான் போய்க் குடத்தை எடுத்துவந்து குழாயடியில் வைத்தேன்.