பல்லில் உருளை, எலும்பில் சோளம்

"சின்ன வயசுல என்ன சாப்பிட்டு வளர்ந்தே?"

எர்மெலிந்தாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. பழைய எலும்புகளை ஆராய பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து வந்திருந்த டாக்டர் அமில்கார், ஐந்நூறு வருடத்துக்கு முன் செத்த ஒரு பெண்ணின் கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"உருளைக்கிழங்குதான் டாக்டர். எங்க மேட்டுல சோளம் விளையாது."

"அப்ப இவ உன் ஊர்க்காரி." அவர் சிரித்தார். "சாப்பிடறது பல்லுலயும் எலும்புலயும் பதிஞ்சிடும். பல்லு சின்ன வயசுல உருவானதோட சரி, அப்புறம் மாறாது. இவ பல்லுல முழுக்க உருளை. எலும்பு மாறிக்கிட்டே இருக்கும். அதுல பார்த்தா வெறும் சோளம். எட்டு ஒம்போது வயசுல யாரோ கீழ கூட்டிட்டு வந்து, சோளத்துல கள்ளு காய்ச்ச வச்சிருக்காங்க. சாகிற வரைக்கும் விடல."

"அவ ஓடிப் போகலையா?"

"போயிருந்தா எலும்புல தெரிஞ்சிருக்கும்."

எர்மெலிந்தா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். அவளும் எட்டு வயதில்தான் மலையிலிருந்து இந்த அயகூச்சோ நகரத்துக்கு வந்தாள். இந்த எலும்புக் கிடங்கின் பொறுப்பாளர் சொராய்தா மலைக்கு வந்து, அவள் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்று, படிக்க வைக்கிறேன் என்று அழைத்து வந்தாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. காலையில் ஞானத்தாய் வீட்டு அடுப்பு, மதியம் கிடங்கு. போன வருடம் பதினெட்டு முடிந்து அடையாள அட்டை வந்தபோது, தொலைத்துவிடுவாய் என்று சொராய்தா அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அட்டை இல்லாமல் பஸ்ஸில் சீட்டு தரமாட்டார்கள்.

"டாக்டர், என் அட்டை ஞானம்மா பையில இருக்கு. ஊருக்குப் போகணும். நான் கேட்டா அடிப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடுவாங்க."

அவர் பல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கேக்கறேன். இன்னிக்கே கேக்கறேன்."

சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் முன்னால் வந்தது, பின்னால் சொராய்தா வந்தாள்.

"என்ன டாக்டர், என் பொண்ணு வேலை செய்யறாளா, வாயடிக்கிறாளா? பல்லை எல்லாம் எண்ணிக்குங்க. உருளைக்கிழங்குன்னு நினைச்சு ஒண்ணை முழுங்கியிருப்பா, மலைக்காரி."

டாக்டர் சிரிக்கவில்லை. எர்மெலிந்தாவுக்கு அதுவே பெரிய நம்பிக்கையாக இருந்தது.

அந்தப் பெண்ணின் எலும்புகளை லிமாவுக்குக் கொண்டுபோக, அனுமதித் தாளில் சொராய்தாவின் கையெழுத்து வேண்டும். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தவள், எழுதாமல் நிமிர்ந்தாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா டாக்டர்?"

பேனா முனை தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது. எர்மெலிந்தா அந்தக் கைப்பையைப் பார்த்தாள். டாக்டரின் கை மேசைமேல் இருந்த பெட்டியைத் தொட்டது.

"இல்லைங்க சொராய்தாம்மா. அவ்வளவுதான்."

சொராய்தா கையெழுத்துப் போட்டாள். "என்னடி மரம் மாதிரி நிக்கறே? அந்தப் பல்லைப் பஞ்சுல சுத்தி உள்ள வை."

எர்மெலிந்தா சுற்றினாள். பெட்டியை மூடி, கயிறு கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வெளியே போக அனுமதி கிடைத்துவிட்டது.

பெட்டியை அவளே டாக்டரிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு அவர் வெளியே போனார்.